அந்தப் பயல் இல்லாத ஃபிளக்ஸ்

போன வருசம் ஆடி மாசம், மத்தியானத்தில், அவனியாபுரம் ரோட்டோரம் நீ செத்துப் போனாய். லோடு ஆட்டோவை ஒழுங்காக ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ஹேண்டில்பார் மேல் தலையைச் சாய்த்திருக்கிறாய். தூங்குகிறாய் என்று நினைத்துப் பக்கத்து டீக்கடைக்காரர் வெகுநேரம் எழுப்பவில்லை. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வண்டியின் பின்னால் நான் அனுப்பின ஃபிளக்ஸ் சுருள்கள் கட்டுக்கூட அவிழாமல் கிடந்தன. ஒன்று காதணி விழா, ஒன்று புதுமனை புகுவிழா. இரண்டையும் வேறு வண்டியில் ஏற்றி அன்றைக்கே அனுப்பி வைத்தேன். நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

இன்று காலையில் கடையில் மெஷினுக்கு இங்க் மாற்றினோம். புது இங்க்கின் வாடை உனக்குத் தெரிந்ததுதான். மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இங்க் மாற்றினால் முதலில் ஒரு முகத்தை அடித்துப் பார்ப்பது நம் கடை வழக்கம். சேலை நிறம் கொஞ்சம் மாறினால் யாரும் கேட்க மாட்டார்கள். முகம் கொஞ்சம் சிவந்தால் குடிகாரனைப் போல ஆகிவிடும். கொஞ்சம் பச்சை தட்டினால் பிணம். அதனால் மனுசத் தோலை வைத்துத்தான் மெஷினை நம்புவோம். ஆபரேட்டர் பொத்தானைத் தட்டினான். மெஷின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடி நெற்றி, புருவம், மூக்கு என்று மேலிருந்து கீழாக உன்னைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. ஈரம் காயாத உன் கன்னத்தில் என் கட்டைவிரல் பட்டு ஒரு கோடு இழுத்துவிட்டது.

அந்த முகத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நீ என்னிடம் ஒரு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். ஒரு வருசமாக அது என் கையில் நின்றது. இன்று மதியம் உன் அம்மா கடைக்கு வந்தார்கள். பேசி முடிந்தது. என்ன முடிந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும்.

உன்னை நான் பார்ப்பதற்கு முன்னால் உன் படத்தைப் பார்த்தவன். பசை வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு சினிமா போஸ்டர் ஒட்டித் திரிந்த வயசு எனக்கு. நீ எட்டு வயசுப் பயல். செத்துப்போன தாயைத் தேடி அழுகிற பிள்ளையாக நீ நடித்த அந்தப் படம் வந்தபோது, போஸ்டரில் நாயகனைவிட நீ பெரிதாக இருந்தாய். கீழுதட்டைப் பிதுக்கி, கண் தளும்பத் தளும்ப, எங்கேயோ பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு. தெற்கு மாசி வீதியில் ஆரம்பித்து வில்லாபுரம் வரைக்கும் அந்த அழுகைக்கு மேல் நான்தான் மைதாப் பசையைத் தடவி ஒட்டினேன். போஸ்டரைப் பார்த்தே பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வாரம் தாண்டி வாரம் ஓடிற்று. எனக்கும் கூலி கிடைத்தது.

பின்னாளில் நீ என்னிடம் வண்டி ஓட்ட வந்த பிறகு இதைச் சொன்னேன். நீ வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

“ஊரெல்லாம் ஒட்டுன ஆளு நீங்கதானாண்ணே? மாசக்கணக்குல கிழியவே இல்லையே.”

“பசை நல்லாக் காச்சுவேன்டா.”

“அதான் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு” என்றாய். சிரித்தாய். அப்போது அதை வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

உன் கதையை நீ வரிசையாக ஒருநாளும் சொன்னதில்லை. லோடு ஏற்றும்போது கொஞ்சம், டிராபிக்கில் கொஞ்சம். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு தோப்பில் ஷூட்டிங் நடந்தபோது வேடிக்கை பார்க்க வந்த அம்மாவின் இடுப்பில் நீ இருந்திருக்கிறாய். பிள்ளை கறுப்பாக லட்சணமாக இருக்கிறதே என்று யாரோ வாங்கிக் கேமரா முன்னால் நிறுத்த, அப்படித்தான் ஆரம்பம். பிறகு அம்மாவும் நீயும் மெட்ராஸில். நீ சம்பாதிக்க ஆரம்பித்ததும் அப்பா மில் வேலையை விட்டார். பிறகு குடித்தார். பிறகு செத்தார். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றது. பதின்மூன்று வயசில் மீசை அரும்பியபோது செட்டில் அதை வழித்துவிட்டு நடிக்க வைத்தார்கள். நெடுநெடுவென்று வளர்ந்துவிடக் கூடாதே என்று அம்மா இரவுச் சாப்பாட்டை வெறும் ரொட்டியும் காப்பியுமாகக் குறைத்தார்கள். உடம்பு கேட்குமா? வளர்ந்தாய். குரல் உடைந்தது. ஒரு டைரக்டர் உன் அம்மாவிடம், “என்னம்மா, பையன் இப்படி வளந்துட்டான்” என்றாராம். நீ ஏதோ திருடி மாட்டிக்கொண்டதைப் போல அம்மா தலையைக் குனிந்துகொண்டதாகச் சொன்னாய்.

அதோடு சினிமா முடிந்தது. ஆனால் அந்தப் பயல் முடியவில்லை. திருவிழாக் கச்சேரிக்குச் சிறப்பு விருந்தினர், ஜவுளிக்கடைத் திறப்பு, பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கொடுப்பது என்று கொஞ்ச காலம் ஓடிற்று. எங்கே போனாலும் ஒரே வேண்டுகோள். உதட்டைப் பிதுக்கு. முப்பது வயசில் பிதுக்கினாய். தொப்பை விழுந்து முன்மண்டை காலியான பிறகும் பிதுக்கினாய். ஆனையூரில் நான் இரண்டாவது கடை திறந்த அன்று, வந்திருந்த என் சம்பந்தி உன் தோளில் கையைப் போட்டு, “மாப்ள, ஒரே ஒருதரம் அந்த அழுகைய காட்டுய்யா, பேரப்புள்ளைக்கு” என்றார். நீ மடித்துக் கட்டின கைலியோடு, கையில் ஃபிளக்ஸ் கட்டுகிற கயிற்றோடு, அங்கேயே நின்று காட்டினாய். எல்லாரும் கை தட்டினார்கள். பேரப்பிள்ளை மட்டும் பயந்து வீறிட்டது.

திரும்பி வரும்போது கேட்டேன். “மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானடா?”

“சொல்லிப் பாத்துட்டேன்ணே. சொன்னா, இம்புட்டுத் திமிரான்னு கேக்குறாங்க. காட்டிட்டா டக்குன்னு விட்டுர்றாங்க. லாபம் எதுல?”

அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. வியாபாரியின் கணக்குதான். ஆனால் உன்னை நான் வேலைக்குச் சேர்த்தது அந்த முகத்துக்காக இல்லை என்பது உனக்குத் தெரியும். சந்துபொந்தில் வண்டியைத் திருப்புகிற லாகவம், கட்டின கயிறு அவிழாத கை, பில் பணத்தை அன்றன்றைக்குக் கொண்டுவந்து கொடுக்கிற குணம். இவ்வளவும் இருந்தும் ஊருக்கு நீ ஒரே ஒரு அழுகை.

கல்யாணத்துக்கும் அதையேதான் காரணமாகச் சொன்னாய். பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் பெண்ணின் அம்மாமார் உன்னைப் பார்த்துக் கண் கலங்கினார்களாம். “அந்தச் சின்னப் பையனா நீ” என்று. உன் மனைவி ஒருத்திதான் அன்று காப்பியை வைத்துவிட்டு, “என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டாள். வீட்டில் டிவி கிடையாது, படமும் பார்த்ததில்லை. “அந்த ஒரு கேள்விக்காகக் கட்டுனேன்ணே” என்றாய். பிள்ளை வேண்டாமா என்று ஒருதரம் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். உன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்த அழுகைப் படத்தின் பழைய ஸ்டில்லைத் தாடையால் காட்டினாய். “வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான்ணே. எட்டு வயசு. வளரவே மாட்டேங்கிறான்.” சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்ததில்லை.

புது மெஷின் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அதைப் பொருத்த வந்த மெக்கானிக் வடக்கத்திப் பையன். தமிழ்ப் படமே பார்க்காதவன், அரைகுறைத் தமிழ். கலர் பார்க்க ஒரு ஆள் முகம் வேண்டும், நிழல் விழாமல் நேராகப் படம் எடுக்க வேண்டும் என்றான். நீ சுருளை இறக்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாய். “அண்ணா, நீங்க நில்லுங்க” என்று உன்னைச் சுவரோரம் நிறுத்தினான். கேமராவைத் தூக்கியதும் உன் உதடு தானாகப் பிதுங்கிற்று. அவன் கேமராவை இறக்கிவிட்டான்.

“அண்ணா, வாய் என்ன ஆச்சு? வலியா?”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

“சும்மா நில்லுங்க அண்ணா. ஒண்ணும் செய்யாதீங்க.”

ஒன்றும் செய்யாமல் நிற்க உனக்குத் தெரியவில்லை. கையைக் கட்டினாய், எடுத்தாய். உதட்டை இறுக்கினாய். கண்ணை அகலமாக விரித்தாய். அந்தப் பையன் பொறுமையாக நின்றான். கடைசியில் உனக்கே அலுத்துப் போய், தோளைத் தளர்த்தி, எப்போது விடுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போது எடுத்தான். அதுதான் இன்றைக்கும் வந்த முகம். கண்ணுக்குக் கீழே பை, மூக்கின் இரண்டு பக்கமும் ஆழமான கோடு, நரைத்த இரண்டு நாள் தாடி, யாரையும் எதையும் கேட்காத பார்வை.

அடித்து வந்ததை நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். “இது யாருண்ணே?”

“வேற யாரு? நீதான்.”

“எம்புட்டு வயசான ஆளு” என்றாய். ஆனால் அதைக் கீழே வைக்கவில்லை. சாயங்காலம் அந்த ஃபிளக்ஸ் துண்டைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனாய். மறுநாள் கேட்டேன். அம்மா அதைச் சுவரில் மாட்டவிடவில்லை, பீரோவுக்கு அடியில் போட்டுவிட்டார்கள் என்றாய்.

ஆர்டர் கொடுத்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. ஒரு பெரியவர் இறந்ததற்கு அவருடைய மகன்கள் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்திருந்தார்கள். கொண்டுவந்த படம் அவர் கல்யாணத்தில் எடுத்தது. சுருட்டை முடி, கூலிங் கிளாஸ். இதுவா செத்தவர் என்று நான் கேட்க, நல்ல படம் இது ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். அடித்துக் கொடுத்தேன். என் தொழில் அது. நீ அதைச் சுருட்டிக் கட்டிக்கொண்டே சொன்னாய்.

“அண்ணே, எனக்கு அடிக்கும்போது அந்தப் பயல வச்சிராதீங்க.”

“எனக்கு உன்னவிட வயசு கூடடா. உனக்கு நான் எப்படி அடிப்பேன்?”

“ஆர்டர எடுத்துக்கங்க. அந்த டெஸ்ட் படம். அது போதும். பேருக்கு முன்னாடி குழந்தை நட்சத்திரம், அது இதுன்னு ஒண்ணும் கூடாது. ஒருநாளாவது நம்ம முக்குல என் மூஞ்சியோட நிக்கணும்ணே.”

“அட்வான்ஸ்?”

சட்டைப் பையைத் தடவினாய். ஒன்றும் இல்லை. போய் இரண்டு டீ வாங்கி வந்தாய். குடித்தேன். ஆர்டர் எடுத்தாயிற்று என்று அர்த்தம்.

நீ செத்த அன்று நான் ஆனையூர்க் கடையில் இருந்தேன். ஆஸ்பத்திரி, போலீஸ், உடம்பை வாங்குவது என்று அலைந்துவிட்டு வில்லாபுரம் வருவதற்குள் உன் தெரு முக்கில் ஃபிளக்ஸ் நின்றது. ஏரியாப் பையன்கள் கூட்டாகக் காசு போட்டு வேறு கடையில் அடித்து வைத்துவிட்டார்கள். நெட்டிலிருந்து எடுத்த படம். எட்டு வயசுப் பயல், பிதுங்கின உதடு, தளும்புகிற கண், மேலே கறுப்புப் பட்டையில் கண்ணீர் அஞ்சலி. கீழே உன் பேர். அவர்கள் மேல் குற்றம் இல்லை. உனக்கு மரியாதை செய்கிறோம் என்றுதான் செய்தார்கள்.

ஆனால் அந்தப் படத்தைத் தெரிந்த தலைமுறை வேறு, பஸ்ஸை விட்டு இறங்கி வேலையிலிருந்து வீட்டுக்குப் போகிற தலைமுறை வேறு. வழியில் போகிறவர்களுக்குத் தெரிந்தது ஒரு சின்னப் பிள்ளையின் சாவு. பெண்கள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். யார் வீடு என்று விசாரித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். நான் உன் தலைமாட்டில் நின்றேன். உன் அம்மா ஐஸ் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் மனைவி கால்மாட்டில்.

இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். முன்பின் தெரியாதவள். வாசலிலேயே குரல் உடைந்துவிட்டது. “யாரு பெத்த புள்ளையோ, இப்பிடி வாரிக் குடுத்துட்டீங்களே” என்று அழுதுகொண்டே உள்ளே வந்தவள், பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

“புள்ள எங்க?”

உன் மனைவிதான் பெட்டியைக் காட்டினாள். “இவருதான்.”

“போஸ்டர்ல...?”

“சின்ன வயசுல எடுத்தது.”

அவள் உன்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சை விட்டாள். “அப்பாடா. நல்லவேளை. சின்னப் புள்ளைன்னு நெனச்சுப் பதறிப் போயிட்டேன்.” இடுப்புப் பிள்ளையை இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கெட்டவள் இல்லை. மனசில் பட்டதைச் சொன்னாள். ஆனால் அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். வாசல்வரை அழுகை, பெட்டியைப் பார்த்ததும் நிம்மதி. நீ செத்ததற்கு ஊரே கண்ணீர் விட்டது, நீதான் என்று தெரிந்ததும் துடைத்துக்கொண்டது. இத்தனை வருசத் தொழிலில் எத்தனையோ எழவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். செத்தவனைப் பார்த்து ‘நல்லவேளை’ என்று அத்தனை பேர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வெளியே போய்ப் பையன்களிடம் பேசினேன். பிணம் கிடக்கையில் அஞ்சலி ஃபிளக்ஸைக் கழற்றக் கூடாது என்றார்கள். நியாயம்தான். சரி, பக்கத்திலேயே நான் ஒன்று அடித்து வைக்கிறேன் என்று உன் அம்மாவிடம் வந்து கேட்டேன். அவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“ரெண்டு மூஞ்சியா? ஒரு வீட்டுல ரெண்டு சாவாய்யா?”

அந்த நிலைமையில் பெற்றவளோடு மல்லுக்கட்ட முடியுமா? நான் நேரம் பார்த்துச் சண்டை போடுகிற கட்சி. பேசாமல் வந்துவிட்டேன். உன்னை எரித்துவிட்டு வந்த பிறகும் அந்தப் பயல் முக்கில் நின்று அழுதுகொண்டிருந்தான். காரியம் முடிந்து ஒரு மழை அடித்துச் சட்டம் சாய்ந்த பிறகுதான் போனான்.

ஒரு வருசம் காத்திருந்தேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வைக்காத வீடு நம் ஊரில் கிடையாது. உன் அம்மா வருவார்கள் என்று தெரியும். வந்தார்கள். உன் மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அம்மா கையில் மஞ்சப்பை. அதற்குள் கண்ணாடிச் சட்டத்தோடு அந்தப் பழைய ஸ்டில்.

“இதையே பெருசா அடிச்சுக் குடுப்பா” என்றார்கள்.

நான் காலையில் அடித்த துண்டை எடுத்து அதற்குப் பக்கத்தில் மேஜைமேல் விரித்தேன். ஆர்டரைச் சொன்னேன். நீ சொன்ன சொல்லை அப்படியே சொன்னேன். டீயையும் சொன்னேன்.

அவர்கள் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பயலின் கண்ணாடியைத்தான் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அவன் அழுத கதைய ஓங்கிட்டச் சொல்லியிருக்கானா?”

சொல்லியிருந்தாய். ஒரே ஒருதரம். சமயநல்லூரில் ஃபிளக்ஸ் கட்டிவிட்டு, மழைக்கு வண்டிக்குள் ஒதுங்கி உட்கார்ந்திருந்த பகல் அது. கிளிசரின் போட்டும் உனக்கு அழுகை வரவில்லையாம். எரிச்சலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாயாம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அப்போது செட்டில் வேலை பார்க்கிற ஒருத்தர் ஓடி வந்து, “டேய், உங்கம்மா ரோட்டத் தாண்டும்போது லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சுடா” என்றாராம். அம்மா எப்போதும் உட்காருகிற நாற்காலியை நீ திரும்பிப் பார்த்தாய். காலி. அந்தப் பார்வைதான் ஊர் முழுக்க நான் ஒட்டின போஸ்டர். ஷாட் முடிந்து எல்லாரும் கை தட்டினபோது, படுதாவுக்குப் பின்னாலிருந்து அம்மா ஒரு டம்ளர் பாலோடு வந்தார்கள். “அந்தப் பால நான் குடிச்சேன்ணே” என்றாய். கொஞ்சநேரம் வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “அப்பா செத்தப்போ எனக்கு அழுகை வரல. அதுக்கப்புறம் எதுக்கும் வரல. அம்புட்டையும் அன்னைக்கே எடுத்துட்டாங்க.”

“சொன்னான்மா” என்றேன்.

“நான் படுதாவுக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஓடிப் போயித் தூக்கிருக்கணும். காலு வரல. படம் ஓடும், வீட்டுக்கு வாடகை குடுக்கலாம்னு நின்னேன்.” துடைப்பதை நிறுத்தவில்லை. “ஏன் இதையே மாட்டி வச்சிருக்கேன்னு அவனும் கேப்பான். பெருமைக்குன்னு நெனச்சுக்கிட்டான். நானும் ஆமான்னு சொல்லிட்டேன்.”

பிறகு முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தார்கள்.

“எப்பா, இதுல அவன் எனக்காக அழுகுறான்ப்பா. நான் செத்துட்டேன்னு அழுகுறான். நாளைக்கு நெசமா நான் செத்தா அழுக எவன் இருக்கான்? கொள்ளி வைக்க ஆள் பிடிக்கணும். எனக்குன்னு ஒரு அழுகை இந்த ஒலகத்துல இருக்குன்னா, அது இந்தக் கண்ணாடிக்குள்ளதான் இருக்கு. அத எறக்கச் சொல்றியே.”

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். எவனோ ஒருவன் பேத்தியின் பூப்புனித நீராட்டு பாதியில் நின்றது. எதற்கும் எதிர்விலை சொல்லிப் பழகின எனக்கு இதற்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை. உன் மனைவி மேஜையில் கிடந்த உன் துண்டில் நான் காலையில் இழுத்துவிட்ட கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, அன்னைக்கு வந்ததுக எல்லாம் ‘நல்லவேளை’ன்னு சொல்லிட்டுப் போனதுக. நீங்களும் கேட்டீங்க. இன்னொருதரம் அவர அப்பிடிச் சொல்ல விடணுமா?”

உன் அம்மா கண்ணாடிச் சட்டத்தை மேஜையில் வைத்துவிட்டு, உன் துண்டைக் கையில் எடுத்தார்கள். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பீரோவுக்கு அடியில் போட்ட அதே முகம். “தாடிய வழிச்சுட்டு நின்னுருக்கக் கூடாதா” என்றார்கள். சொல்லிவிட்டு அழுதார்கள். சத்தம் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு. கீழுதடு மட்டும் பிதுங்கிற்று. அப்போதுதான் தெரிந்தது, அந்த உதடு சினிமாக்காரன் சொல்லிக்கொடுத்தது இல்லை. உங்கள் வீட்டு உதடு.

அப்போதுதான் எனக்குச் சொல்ல ஒரு விலை கிடைத்தது. சொன்னேன். அவர்கள் ஒரு திருத்தம் கேட்டார்கள். சரி என்றேன்.

உனக்கு இதில் பாதி பிடிக்காது. எனக்குத் தெரியும். ஆனால் உன் ஆர்டர் உன் ஃபிளக்ஸுக்கு. அதில் ஒரு எழுத்துக்கூட நான் மாற்றவில்லை. அவர்கள் ஆர்டர் அவர்களுடையது. இரண்டையும் ஒரே கடையில் எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். உன்னுடையது நாளை மெஷினில் ஏறும். மற்றது என்னோடு இருக்கும். அந்த ஸ்டில்லை ஸ்கேன் செய்து, உன் டெஸ்ட் முகம் இருக்கிற அதே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் முந்திக்கொண்டால் என் மகன் செய்து கொடுப்பான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

பேசி முடித்தது இது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, பத்துக்கு எட்டு, உன் தெரு முக்கு, மூன்று நாள். உன் முகம் மட்டும், தாடியோடு. பேருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது. பேருக்குக் கீழே ‘லோடு ஆட்டோ ஓட்டுநர்’ என்று இருக்கும். அது உன் மனைவி சொன்னது. உன் அம்மா போகிற அன்று இன்னொன்று, அதே அளவு, அதே முக்கு. அதில் அம்மாவின் படம் பெரிதாக. பக்கத்தில் அந்தப் பயல், உதட்டைப் பிதுக்கி, அவர்கள் பக்கமாகப் பார்த்து அழுதுகொண்டு. பார்வை அவர்கள்மேல் விழுகிற மாதிரி படத்தைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்ட திருத்தம். இரண்டுக்கும் சேர்த்து ஐநூறு ரூபாய், முழுவதும் முன்பணம். முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.